பாண்டிச் சில்லும் மணல் பலகையும்: குழந்தைப் பருவத்தின் வரலாற்றை அருங்காட்சியகப் பொருள்களைக் கொண்டு எப்படிக் கற்பிப்பது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குச் சென்ற மாதம் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். பொன்னணிகளையும் எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வழக்கம்போல ஓட்டமும் நடையுமாகக் கடந்தவர்கள், வட்டமாகத் தேய்க்கப்பட்ட சில்லுகள் இருந்த பேழைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்கள். "ஐயா, இது பாண்டி ஆடுகிற சில்லு" என்று ஒருத்தி சொன்னாள். "அப்படியென்றால் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாள் முழுவதும் விளையாட்டுத்தானா, வேலை வெட்டி ஒன்றும் கிடையாதா?" என்று இன்னொருவன் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. பதினேழு ஆண்டுகளாக மன்னர்களையும் போர்களையும் வரிகளையும் நடத்தி வந்திருக்கிறேன். ஆனால் குழந்தையாக இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை வகுப்பில் நான் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தலைமையாசிரியர் நான்கு பாடவேளைகள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அருங்காட்சியகப் பொருள்களை முன்வைத்தே அவற்றை நடத்த விரும்புகிறேன். எந்தப் பொருள்களை எடுத்துக்கொள்ளலாம்? பழைய பொம்மைகளின் அணிவகுப்பாகப் பாடம் முடிந்துவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மண்ணடுக்கு எழுதியது:

ஐயா, அகழாய்வுக் குழிகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஓர் எச்சரிக்கை சொல்கிறேன். அந்த வட்டச் சில்லைப் பாண்டிச் சில்லு என்று உங்கள் மாணவி சொன்னது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடைந்த பானையின் ஓட்டை வட்டமாகத் தேய்த்தால், அது சிறு கலயத்துக்கு மூடியாகலாம், எண்ணிக்கைக்கு வைக்கும் காயாகலாம், நடுவில் துளையிட்டால் நூல் நூற்கும் தக்களிக்குக் குண்டாகலாம், விளையாட்டுச் சில்லும் ஆகலாம். ஒரே பொருள் காலையில் மூடியாகவும் மாலையில் சில்லாகவும் இருந்திருக்கலாம் என்பதைப் பிள்ளைகளைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

பகடைகளையும் ஆட்டக்காய்களையும் பார்த்தவுடனே குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்று நினைப்பதும் இதே வகைப் பிழைதான், ஏனெனில் நம் இலக்கியத்திலும் புராணத்திலும் பகடை உருட்டி நாடிழந்தவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்களே. சுடுமண் உருவங்களுக்கும் இது பொருந்தும். சிந்துவெளியில் கிடைத்த சிறு வண்டிகளையும் தலையாட்டும் காளைகளையும் விளையாட்டுப் பொருள்கள் என்று நாம் மகிழ்ந்து சொல்கிறோம். அவற்றுள் சில வழிபாட்டில் வைக்கப்பட்டவையாக இருக்கக்கூடும். ஆகவே, "இது என்ன?" என்று தொடங்குவதை விட, "இது எங்கே, எதன் அருகில் கிடைத்தது?" என்று தொடங்குங்கள். வீட்டுத் தரையில் கிடைத்த சில்லும், குப்பைக்குழியில் கிடைத்த சில்லும், பிள்ளையைப் புதைத்த இடத்தில் கிடைத்த சில்லும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை.

குழந்தைகள் இருந்தார்கள் என்பதற்கு ஐயமற்ற சான்று ஒன்று உண்டு. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையில் 2020-இல் குழந்தைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதை ஒன்பதாம் வகுப்பில் காட்டலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் காட்டுவேன், ஆனால் முதல் வகுப்பில் அல்ல.

தேம்ஸ்கரை எழுதியது:

மண்ணடுக்கு ஐயா சொன்ன "எதன் அருகில்" என்ற கேள்வியை எனக்குக் கற்றுத்தந்த இடம் ஒன்று உண்டு. லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களை ஃபவுண்ட்லிங் அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை அழைத்துச் சென்றிருக்கிறேன்.

தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் பல ஆண்டுகள் அலைந்து 1739-இல் அரச ஒப்புதல் பெற்றுத் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தின் வரலாறு அங்கே இருக்கிறது. வளர்க்க வழியில்லாத தாய்மார் தம் கைக்குழந்தைகளை 1741 முதல் அங்கே ஒப்படைத்தார்கள். சேர்ந்த அன்றே குழந்தைக்குப் புதுப்பெயர் வைக்கப்பட்டது. பின்னாளில் தாய் திரும்பி வந்தால் எது தன் பிள்ளை என்று காட்ட வேண்டுமே, அதற்காக அவள் ஓர் அடையாளப் பொருளை விட்டுச் செல்வாள். கீறல் போட்ட நாணயம், பாதியாக வெட்டிய சீட்டு, ரிப்பன் துண்டு, குழந்தையின் சட்டையிலிருந்து கத்தரித்த துணி எனக் கையில் இருந்தது எதுவோ அது. ஒரு காட்டுக்கொட்டையின் ஓடும் அங்கே இருக்கிறது. 1741-க்கும் 1760-க்கும் இடையில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,282 பேர். அவர்களுள் தாயோ உறவினரோ திரும்பப் பெற்றுக்கொண்டவர்கள் 152 பேர் மட்டுமே. இந்த இரண்டு எண்களைப் பலகையில் எழுதிவிட்டு நான் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பேன். வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

பாடத்துக்கு உதவும் பகுதி இனிமேல்தான் வருகிறது. ஒவ்வொரு அடையாளப் பொருளும் முதலில் அந்தந்தக் குழந்தையின் சேர்க்கைத் தாளோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1860-களில் நிருவாகத்தினர், பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காக, சில பொருள்களை அந்தத் தாள்களிலிருந்து பிரித்தெடுத்துக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். அந்த நொடியில் பொருள் நிலைத்தது, குழந்தை தொலைந்தது. பிற்காலத்து ஆய்வாளர்கள் ஆவணங்களில் உள்ள குறிப்புகளையும் தாள்களில் பதிந்த அழுத்தத் தடங்களையும் பார்த்துப் பார்த்துத்தான் சிலவற்றை மீண்டும் உரியவரோடு சேர்த்தார்கள்.

இதை வகுப்பில் அப்படியே செய்து பார்த்தேன். மாணவர்கள் தங்கள் சிறு வயதுப் பொருள் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அதன் கதையை ஒரு தாளில் எழுத வேண்டும். தாள்களை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டுப் பொருள்களை மட்டும் மேசையில் பரப்பினேன். ஒவ்வொரு குழுவும் பொருளைப் பார்த்து அதன் கதையை ஊகித்தது. பிறகு தாள்களைப் படித்தோம். ஊகங்களில் பாதிக்குமேல் தவறு. கசங்கிப்போன முயல் பொம்மையை ஒரு சிறுமியின் உயிரான விளையாட்டுப் பொருள் என்று எழுதியிருந்தார்கள். அது மருத்துவமனையில் யாரோ கொடுத்தது, அவளுக்கு அதைப் பிடிக்கவே பிடிக்காது, அம்மாதான் விடாமல் வைத்திருக்கிறார் என்று தாளில் இருந்தது.

புறத்திணை எழுதியது:

தமிழாசிரியரைக் கேட்காமல் இந்தப் பாடத்தை நடத்தினால் பாதிப் பாடம்தான் நடக்கும் என்று உரிமையோடு சொல்கிறேன். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூற்று 77-ஆம் பாட்டைப் பொருள்களின் பட்டியலாகப் படித்துப் பாருங்கள். கிண்கிணி கழற்றிய காலில் வீரக்கழல் ஏறியிருக்கிறது. குடுமி களைந்த தலையில் வேம்பின் தளிர் இருக்கிறது. குறுந்தொடி கழற்றிய கையில் வில் இருக்கிறது. கழுத்திலோ தாலி இன்னும் களையப்படவில்லை. பால் குடிப்பதை விட்டுச் சோறு உண்டதும் இன்றுதான் என்கிறார் புலவர். இங்கே தாலி என்பது குழந்தைக்குக் காப்பாக அணிவிக்கும் ஐம்படைத்தாலி; சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய திருமாலின் ஐந்து படைகளின் வடிவில் அமைந்தது. குழந்தைப் பருவம் எங்கே முடிகிறது என்பதை இந்தப் பாட்டு வயதைக் கொண்டு சொல்லவில்லை, உடம்பிலிருந்து எந்தப் பொருள் இறங்குகிறது, எந்தப் பொருள் ஏறுகிறது என்பதைக் கொண்டு சொல்கிறது. நான்கு பொருள்களுள் மூன்று மாறிவிட்டன, ஒன்று மாறவில்லை. பாட்டின் வியப்பு முழுவதும் அந்த ஒன்றில்தான் தொங்குகிறது.

பட்டினப்பாலையில் வரும் முக்காற் சிறுதேரையும் விட்டுவிடாதீர்கள். குதிரை பூட்டாமல் சிறுவர்கள் உருட்டும் மூன்று சக்கரத் தேரை, உலரும் நெல்லைக் கொத்த வரும் கோழியின் மேல் பெண்கள் எறிந்த கனத்த காதணி கிடந்து மறிக்கிறது என்பது அங்குள்ள காட்சி. நம் வீட்டு நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தான். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தவை என்கிறேன். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் எடுத்துக்கொண்டால், ஆண்பாலுக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்றும் பெண்பாலுக்கு அம்மானை, கழங்கு, ஊசல் என்றும் இறுதிப் பருவங்கள் பிரிகின்றன. ஆண் பிள்ளை பெண் பிள்ளையின் மணல்வீட்டை மிதித்துச் சிதைப்பதே ஒரு பருவமாகப் பாடப்பட்டிருப்பதை மாணவிகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். என் வகுப்பில் அந்த ஒரு கேள்விக்கே பாடவேளை போதவில்லை.

ஐயவினா எழுதியது:

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாருமாகச் சேர்ந்து ஆசிரியரை ஒரு பள்ளத்தில் இறக்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. பாண்டியன் கழுத்திலிருந்த தாலி அரசனுடையது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்களின் காலில் பொன்னணி இருக்கிறது, அவர்கள் வீட்டுப் பெண்கள் காதணியைக் கழற்றிக் கோழியின் மேல் எறிகிறார்கள். அந்த நெல்லைக் குற்றிய வீட்டுப் பிள்ளை என்ன வைத்து விளையாடினான்?

இன்னொன்றும் உண்டு. குழந்தைப் பருவம் என்ற தனி உணர்வே இடைக்கால ஐரோப்பாவில் இல்லை, அது பிற்காலத்தில் உருவானது என்று 1960-இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியஸ் வாதிட்டார். அதை ஏற்றால், பழைய பொருளைக் காட்டி "அன்றைய குழந்தைப் பருவம்" என்று பேசுவதே இன்றைய கண்ணாடியை அன்றைய முகத்தில் மாட்டுவதாகிவிடும் அல்லவா?

தேம்ஸ்கரை எழுதியது:

ஐயவினா அவர்களின் இரண்டாவது கேள்விக்குப் பொருளே பதில் சொல்கிறது. ஆரியஸ் பெரிதும் ஓவியங்களைச் சான்றாகக் கொண்டார். ஓவியத்தில் குழந்தைகள் சிறிய அளவில் வரையப்பட்ட பெரியவர்களைப் போலத் தோன்றுகிறார்கள் என்பது அவர் கண்டது. ஆனால் தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்து, வெள்ளீயமும் காரீயமும் கலந்து வார்த்த சிறு விளையாட்டுப் பொருள்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. குதிரைமேல் அமர்ந்த வீரன் ஒருவனின் உருவம் ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உள்ளே வெற்றிடமாக வார்க்கப்பட்டது. அதை அச்சில் வார்த்திருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. அச்சு செய்வது ஒரு பிள்ளைக்காக அல்ல, பல பிள்ளைகளுக்காக. விற்பவர் இருந்தார், பிள்ளைக்கென்று காசு கொடுத்து வாங்குபவரும் இருந்தார். ஓவியர் தீட்டாததை ஆற்றுச்சேறு வைத்திருந்தது. ஆனால் அந்தக் குதிரைவீரன் ஆண் பிள்ளைகளுக்குப் போரைப் பழக்கும் பொருளும்கூட. அந்த வகையில் புறத்திணை அவர்களின் கழலுக்கு உறவுக்காரன்தான்.

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயமான கேள்வி.

கந்தகபூமி எழுதியது:

இந்தத் தளத்தில் நான் எழுதுவது அரிது. முதல் கேள்விக்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது, எங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கிறது: ஒரு தீப்பெட்டி.

நான் பிறந்தது விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் எங்கள் தெருவில் விடியும் முன்னே தொழிற்சாலை வண்டி வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை அதில் ஏற்றி அனுப்புவார்கள். நான் வண்டி ஏறவில்லை. வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினேன், என் அக்காள் போய்ச் சட்டத்தில் குச்சி அடுக்கினாள். அவள் விரல்நுனி இன்றும் வழவழவென்றிருக்கும். எந்தத் தொழிற்சாலை என்று எழுத எனக்கு விருப்பமில்லை, ஒன்றா இரண்டா?

தீப்பெட்டி விளையாட்டுப் பொருள் அல்ல. ஆனால் நாங்கள் காலிப் பெட்டிகளைக் கோத்து ரயில் ஓட்டினோம், பெட்டிமேல் ஒட்டும் படங்களைச் சேர்த்துப் பண்டமாற்று செய்தோம். வேலையும் விளையாட்டும் ஒரே பெட்டிக்குள்தான் இருந்தன. குழந்தைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசித் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்போது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

ஆசிரியர் ஐயா, உங்கள் பையன் "வேலை வெட்டி ஒன்றும் கிடையாதா" என்று கேட்டான் என்று எழுதியிருந்தீர்கள். அவன் பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை எழுதியது:

கந்தகபூமி அவர்களுக்கு நன்றி. கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் 1888-இல் ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுள் பலர் சிறுமிகளும் பதின்பருவத்தினருமே. வெண்பாஸ்பரஸ் அவர்களின் தாடை எலும்பை அரித்தது. இந்த ஊர்த் தீப்பெட்டிகளையும் அருங்காட்சியகப் பேழைகளில் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் தொழில் வரலாறு என்ற பிரிவில். குழந்தைப் பருவம் என்ற பிரிவில் பொம்மைகள்தான் இருக்கின்றன. அடுத்த முறை மாணவர்களிடம் அந்த அறைகளின் பெயர்ப்பலகையையே முதலில் படிக்கச் சொல்லப் போகிறேன்.

சட்டாம்பிள்ளை எழுதியது:

பொம்மை, அணிகலன், தீப்பெட்டி எல்லாம் வந்துவிட்டன; பள்ளிக்கூடம் மட்டும் வரவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் நான், அதைச் சொல்லாமல் போனால் என் புனைபெயருக்கு இழுக்கு.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் எழுதியது ஓலையில் அல்ல, மணலில். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தைக் கீறி, வாய்விட்டுச் சொல்லி, கையால் துடைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவான். எழுத்தாணி பிடிக்கும் நிலை வந்த பிறகுதான் ஓலை. மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான், அவனே சட்டாம்பிள்ளை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளின் அனாதை இல்லத்துக்குக் கண்காணிப்பாளரானார். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகள். ஒருநாள் குதிரையில் போகையில் "மலபார்ப் பள்ளி" ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அந்நாளைய ஆங்கிலேயர் தமிழரை மலபாரிகள் என்றே எழுதினார்கள் என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுங்கள், இல்லையென்றால் கேரளத்துக்குப் போய்விடுவார்கள். இல்லத்துக்குத் திரும்பி வந்து அம்முறையைப் பின்பற்றச் சொன்னார், ஆசிரியர்கள் மறுத்தார்கள். ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். சாதாரணப் படைவீரன் ஒருவனின் மகன் அவன். வகுப்பு நன்றாக நடந்தது.

பெல் 1796-இல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு லண்டனில் தம் அறிக்கையை அச்சிட்டார். இங்கிலாந்தில் அது "மெட்ராஸ் முறை" என்றே பெயர் பெற்றது. 1798-இல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் சட்டாம்பிள்ளைகளை வைத்தே நடத்தினார். யார் கண்டுபிடிப்பு என்று இரு தரப்பும் சண்டையிட்டார்கள். திண்ணையில் சம்மணமிட்டிருந்த நம் வாத்தியார்களை அந்தச் சண்டையில் யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஹார்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்து ஹிச்சின் ஊரில் 1837-இல் 300 பையன்களுக்காகக் கட்டிய லங்காஸ்டர் முறைப் பள்ளிக்கூடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரே ஆசிரியர், முன்வரிசையில் மணல் பலகை, பின்வரிசைகளில் கற்பலகை என்பதே அந்த முறையின் அமைப்பு.

நம் ஊர் அருங்காட்சியகத்தில் பழைய ஓலையும் எழுத்தாணியும் இருக்கின்றன. மணல் இல்லை. துடைத்துத் துடைத்து எழுதியது எப்படி இருக்கும்? நம் பிள்ளைகள் தம் கையால் எழுதிய முதல் எழுத்து ஒன்றுகூட எஞ்சவில்லை, ஆனால் அவர்கள் எழுதிய முறை கடல்கடந்து போய் மரச்சட்டம் போட்ட பலகையாக நிலைத்துவிட்டது. ஆசிரியர் அவர்களே, ஒரு தட்டில் மணலைப் பரப்பி மேசையில் வையுங்கள். அதைவிடப் பொருத்தமான அருங்காட்சியகப் பொருள் உங்களுக்குக் கிடைக்காது, செலவும் இல்லை.

ஐயவினா எழுதியது:

சட்டாம்பிள்ளை ஐயா சொன்னதில் மறுப்பில்லை. ஒரு கணக்கை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களுள் ஆண் பிள்ளைகள் 1,84,110, பெண் பிள்ளைகள் 4,540. சாதிவாரியாகவும் அந்தக் கணக்கு பிரித்துக் காட்டியது. மணல் எல்லாருடைய ஊரிலும் இருந்தது. அதில் எழுத உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அல்லர். மணல் தட்டை மேசையில் வைக்கும்போது இந்த எண்களையும் அதன் அருகில் வையுங்கள், "எதன் அருகில்" என்று மண்ணடுக்கு ஐயாதானே தொடங்கினார்.

மண்ணடுக்கு எழுதியது:

ஐயவினாவுடன் நான் உடன்படும் நாளும் வந்துவிட்டது.

மணலுக்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். ரஷ்யாவின் நோவ்கோரத் நகரில் நீர் தங்கிய களிமண் பூர்ஜ மரப்பட்டைகளை அழுகவிடாமல் காத்து வைத்திருந்தது. அங்கே 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓன்ஃபிம் என்ற சிறுவனின் பட்டைகள் கிடைத்தன. வயது ஆறோ ஏழோ இருக்கும் என்று கணிக்கிறார்கள். எழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தவன், அலுத்துப்போய், குதிரைமேல் ஏறி எதிரியைக் குத்தும் வீரனாகத் தன்னை வரைந்து பக்கத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறான். இன்னொரு பட்டையில் வால் சுருண்ட விலங்கை வரைந்து "நான் காட்டு விலங்கு" என்று எழுதி வைத்திருக்கிறான். இதுவரை இந்த இழையில் பேசிய பொருள்கள் எல்லாம் பெரியவர்கள் குழந்தைக்காகச் செய்தவை, அல்லது பெரியவர்கள் குழந்தையைச் செய்ய வைத்தவை. இது மட்டும் குழந்தை தானாகச் செய்தது. நோவ்கோரத் மண் ஈரம், நம் மண் உலர்வு. நம் ஊர் ஓன்ஃபிம்களைக் கறையான் தின்றுவிட்டது, அல்லது அவர்களே துடைத்துவிட்டார்கள்.

காப்பறை எழுதியது:

நடைமுறைக் குறிப்பு மட்டும். அருங்காட்சியகத்துக்குப் போகும் முன் காப்பாட்சியருக்கு இரண்டு வாரம் முன்னதாகக் கடிதம் எழுதி, எந்தப் பேழையின் முன் எத்தனை நிமிடம் உட்கார வேண்டும் என்று தெரிவியுங்கள். நாற்பது பிள்ளைகள் அறிவிப்பின்றி வந்து தரையில் உட்கார்ந்தால் காவலர் எழுப்பத்தான் செய்வார். ஒரு வருகைக்கு மூன்று பொருள் போதும். சுடுமண் மாதிரிகளை உள்ளூர்க் குயவரிடமே செய்து வாங்கலாம். வீட்டுப் பழம்பொருள்களைத் தொடும்போது கையுறை கட்டாயமில்லை. கழுவி உலர்ந்த கை போதும், உலோகப் பொருளுக்கு மட்டும் கையுறை நல்லது. மேசையில் பழந்துணி விரித்து, பொருளைத் தூக்காமல் மேசைக்கு அருகிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று பாடவேளைகள் முடிந்துவிட்டன.

முதல் வகுப்பு சரியாக அமையவில்லை. நானே மரப்பாச்சி ஒன்றைக் கொண்டுபோய் அதைப் பற்றிப் பேசத் தொடங்கி, செம்மரம், கொலு, அதை உரைத்துப் பிள்ளைக்கு மருந்தாகக் கொடுப்பது என்று முப்பது நிமிடம் நானே பேசிவிட்டேன். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள், தேர்வில் வருமா என்று கேட்டார்கள்.

இரண்டாவது வகுப்பில் தேம்ஸ்கரை அம்மா சொன்னபடி பொருளையும் தாளையும் பிரித்தேன். நாற்பத்தொரு பேரில் பதினான்கு பேர் கொண்டுவந்தது பால் புகட்டும் சங்கு. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் மூன்றும் வரிசையாக இருந்ததைப் பார்த்ததும் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே பேசத் தொடங்கினார்கள். வெள்ளிச் சங்கு தாய்மாமன் சீராக வந்தது, எவர்சில்வர் சங்கு சந்தையில் வாங்கியது. ஜெர்மனியின் பவேரியாவில் வெண்கல, இரும்புக் காலத்துக் குழந்தைகளின் கல்லறைகளில் கிடைத்த மூக்குவைத்த மூன்று சிறு மண்கலங்களில் கால்நடைப் பாலின் எச்சம் இருந்ததை 2019-இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தியைப் படித்துக் காட்டினேன். "அப்போ அந்தப் பிள்ளை பால் குடித்தும் பிழைக்கவில்லையா?" என்று கேட்டாள், கீழடியில் பாண்டிச் சில்லு என்று சொன்னாளே, அதே மாணவி. கல்லறையில் கிடைத்த பொருள் என்றால் என்ன பொருள் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. விலங்குப் பாலைக் கலத்தில் புகட்டினால் கிருமி சேரும் என்பதையும், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரப்பர் குழாய் வைத்த பால்புட்டிகளைக் கழுவ முடியாமல் குழந்தைகள் இறந்ததையும் பிறகு சொன்னேன்.

கந்தகபூமி அவர்களுக்கு: அந்தப் பையன் பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்தான். அவர் ஏழு வயதிலிருந்து ஆடு மேய்த்திருக்கிறார். பொருள் எதுவும் இல்லை, தொரட்டி எப்போதோ முறிந்துவிட்டது என்று தாளில் எழுதி, பொருள் வைக்கும் இடத்தைக் காலியாகவே விட்டிருந்தான். அந்தக் காலி இடத்தை மேசையில் அப்படியே வைத்திருந்தோம்.

மூன்றாவது வகுப்பில் மணல். வைகையில் மணல் அள்ளினால் வழக்கு வரும் என்பதால், பள்ளிக் கட்டட வேலைக்கு வந்த எம்-சாண்டைச் சலித்துத் தட்டில் பரப்பினேன். விரலால் எழுதுவது இவ்வளவு மெதுவானது என்று எனக்கே தெரியாது. ஒவ்வொருவரும் ஓர் எழுத்தை எழுதித் துடைத்துவிட்டு நகர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் துடைக்க மறுத்தார்கள், கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். மன்றோவின் எண்களைப் பலகையில் எழுதியிருந்தேன். 4,540 என்ற எண்ணை மாணவிகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நான்காவது வகுப்பு அடுத்த செவ்வாய்க்கிழமை. கொந்தகைக் குழந்தையைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். படம் காட்டுவதா வேண்டாமா என்பதில் மட்டும் இன்னும் தயங்குகிறேன்.

மண்ணடுக்கு எழுதியது:

படத்துக்கு முன் அளவைக் காட்டுங்கள் ஐயா. அந்தக் குழந்தையின் நீளத்துக்கு ஒரு கயிற்றை வெட்டித் தரையில் நேராகப் போடுங்கள். படம் வேண்டுமா என்பதை அதன் பிறகு பிள்ளைகளிடமே கேட்கலாம்.